வற்றம்

அல் தகிரா. மார்ச் விடுமுறையின் கடைசி வெள்ளி.
கயாக் வாடகைக்காரர் சொல்லித்தான் அனுப்பினார்:
நாலு மணிக்குள் திரும்பிவிடுங்கள்,
கடல் போய்விடும்.

எங்கே போகும் என்றாள் ருமைசா.
துடுப்பைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டோம்.

அலையாத்தியின் விரல் வேர்களுக்கிடையே
நண்டு எண்ணினோம்.
முப்பத்தொன்பதில் சண்டை:
அது ஏற்கெனவே எண்ணினது என்றான் ஃபாயிஸ்,
அதன் முகம் தெரியுமாம் அவனுக்கு.
படகின் அடி சேற்றில் உரசியபோது
மணி நாலேகால்.

இறங்கி இழுத்தார் இவர்,
வீட்டில் நாற்காலியைக்கூட நகர்த்தாதவர்,
தொடைவரை சேறு, வாய் நிறையச் சிரிப்பு.

ருமைசாவின் ஒரு செருப்பைச்
சேறு விழுங்கிவிட்டது.
அழுவாள் என்று பார்த்தேன்.
மற்றதையும் கழற்றி
அங்கேயே வைத்தாள்.

கடல் திரும்பி வரும்போது
ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு
என்ன பண்ணும், பாவம்.