இரண்டு கேபி

ராஜினாமாவை அனுப்பினேன்.
மூணாவது நிமிஷம் திரும்பி வந்தது:
பெறுநரின் பெட்டி நிரம்பிவிட்டது.

நிரம்பாமல் என்ன செய்யும்?
ஆத்தூர் லாட், ராசிபுரம் லாட்,
கொல்கத்தாக்காரன் ஈரமென்று திருப்பிய லாட்,
பதினைந்து ஜிபியும் ஜவ்வரிசிப் படம்,
வெள்ளைமேல் வெள்ளை.

அதைக் காலி செய்வதும் என் வேலைதான்.
முதலாளியின் பாஸ்வேர்டு எனக்குத்தான் தெரியும்:
சம்சாரம் பேர், பழைய அம்பாசடர் நம்பர்.

செவ்வாய்ப்பேட்டையில் ஷட்டர்கள் இறங்குகின்றன.
தூரத்தில் ஏற்காட்டுப் பாதையில் ஏதோ லாரி
வளைவுக்கு வளைவு
விளக்கைத் தொலைத்துக் கண்டெடுக்கிறது.
அழிக்கிறேன்.
குப்பைத் தொட்டியையும் கொட்டினால்தான் இடம் வருமாம்.
கொட்டுகிறேன்.

ஒன்றை மட்டும் அழிக்கக் கை வரவில்லை,
ஆறு வருஷத்துக்கு முன் அவர் அனுப்பியது:
"குணவதி, சம்பளம் பற்றி அடுத்த மாதம் பேசலாம்."
கிடக்கட்டும்.

இப்போது தாராளமாக இடம்.
என் கடிதம்
இரண்டே கேபி.