மூன்றாவது இன்னும் தட்டுகிறது

எவரிஸ்தோ ஷெட்டின் கதவைத் தள்ளினார்.
எங்களுக்கு முன்பே காற்று உள்ளே போயிற்று.
சார்மியெந்தோவில் காற்றை யாரும் அழைக்க வேண்டியதில்லை.
தார்பாய்க்குக் கீழே
அறுபத்தெட்டாம் வருடத்து பெஜோ 404.
நான்கு டயரும் தரையோடு சப்பிக் கிடந்தன.
முகப்பு விளக்குக்குள் ஒரு சிலந்தியின் குடித்தனம்.

"பத்தொம்பது வருஷம்" என்றார்.
"பையன் எரிச்சிட்டான்.
தண்ணியில்லாம ஓட்டி இன்ஜினை எரிச்சிட்டான்."
பெயரைச் சொல்லவில்லை.
மீதியை ஊர் சொல்லும்: லிசாந்த்ரோ,
நடன இரவு, கேட்காமல் எடுத்த சாவி,
ஏரிச்சாலையில் சட்டென்று நின்றுபோன கார்,
டிராக்டரில் கட்டி இழுத்துவந்த விடியல்,
அப்பாவின் ஒரே ஒரு வாக்கியம்,
அன்று மதியமே ஒரு பேருந்து.

நான் வாக்கியங்களைப் பழுது பார்ப்பதில்லை.
பானெட்டைத் தூக்கினேன்.

ஏர் ஃபில்டருக்குள் எலி பிள்ளை பெற்றிருந்தது:
பஞ்சு, புல், லாட்டரிச் சீட்டில் கால்வாசி.
டாங்கில் வார்னிஷ் வாடை.
கார்புரேட்டர் கிண்ணத்தில் தேன் நிறக் கோந்து.
ஹேண்டிலை மாட்டி மிதித்தேன்.
இன்ஜின் அசையவில்லை,
கார்தான் லேசாக எழும்பியது.

"பாத்தியா, நெலிதா" என்றார்
தீர்ப்பு வாசித்து முடித்த குரலில்.

பிளக்குகளைக் கழற்றி
நான்கு துளையிலும் ஊற்றினேன்
டீசலும் கியர் ஆயிலும் பாதிக்குப் பாதி.
செவ்வாய். புதன். வியாழன்.
வரும்போதும் போகும்போதும்
ஹேண்டிலில் ஒரு தட்டு, அவ்வளவே.
வெள்ளி சாயங்காலம் அது ஒரு விரல்கடை முன்னே வந்தது.
ஒரு விரல்கடை பின்னே.
உள்ளேயிருந்து ஒரு பழைய தாழ்ப்பாள்
யோசிக்கிற சத்தம்.

ஹெட்டைக் கழற்றி ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்.
வளையவில்லை.
கேஸ்கெட்டில் வெந்த தடம் இல்லை.
லைனர் சுவரில் கீறல் இல்லை.
மூன்றாவதில் மட்டும் ஒரு துரு வளையம்,
பிஸ்டன் இத்தனை காலம் நின்றிருந்த இடத்தில்,
டம்ளர் எடுத்தபின் மேசையில் நிற்கும் கறை போல.

எரிந்த இன்ஜின் இப்படி இருக்காது.
எரிந்தவை நிறையப் பார்த்திருக்கிறேன்.
பிஸ்டன் தன் அலுமினியத்தைச் சுவரெல்லாம் அப்பியிருக்கும்,
மறைக்கத் தெரியாது அதற்கு.

புது கேஸ்கெட், புது ஆயில், கடன் வாங்கிய பேட்டரி.
சுற்றுகிறது. பொறி இல்லை.
பாயிண்ட்டைத் தேய்த்தேன். இல்லை.
காயிலை மாற்றினேன். இல்லை.
டிஸ்ட்ரிபியூட்டரின் இடுப்பில் தொங்கும் கண்டென்சர்,
கட்டைவிரல் நுனியளவு தகர டப்பி.
மீட்டரை வைத்தேன்.
முள் படுத்துவிட்டது: உள்ளே ஷார்ட்.

அன்றிரவு செத்தது இது.
இது மட்டும்.
ஒரு கிலோ ரொட்டி விலைகூட வராது.
மற்றதெல்லாம் பின்னால் செத்தது,
இந்தத் தார்பாய்க்குக் கீழே, மெல்ல மெல்ல,
ஒருவரும் பானெட்டைத் தூக்கிப் பார்க்காததால்.

இந்தக் கடைசியை நான் சொல்லவில்லை.
டப்பியை அவர் உள்ளங்கையில் வைத்து
பில்லில் ஒரு வரியை விளக்குவது போல விளக்கினேன்.

எவரிஸ்தோ மாத்தே போடப் போனார்.
கெட்டில் கொதித்தது. கொதித்துக்கொண்டே இருந்தது.
கொதித்த தண்ணீரில்
மாத்தே போடுகிற ஆளில்லை அவர்.

ஞாயிறு, பதினொன்றரை.
முதல் சுற்றில் இருமல்.
இரண்டாவதில் கார்புரேட்டர் வழியே ஒரு தும்மல்,
என் புருவம் கருகிற்று.
மூன்றாவதில் பிடித்தது.
புகைக்குழாய் பத்தொன்பது வருடத்தையும்
கோழிக்கூட்டின் மேல் துப்பியது.
நான்கு சிலிண்டரும் ஓடுகின்றன என்று சொல்லலாம்;
மூன்றரை என்பது நேர்மை.

அணைக்கப் போனேன்.
"இருக்கட்டும்" என்றார்.
போனை எடுத்தார், எண்ணைத் தேடவில்லை.
ஹலோ சொல்லவில்லை.
கையை நீட்டி பானெட்டுக்குள் பிடித்தார்.

பாஹியா பிளாங்காவில் யாரோ எடுத்தார்கள்.
அந்தப் பக்கம் காற்றா மூச்சா தெரியவில்லை.
அவர் கை வலித்து மறுகைக்கு மாற்றினார்.
அப்புறம் ஒரு குரல்,
நான் நினைத்ததைவிட வயதான குரல்:
"மூணாவது இன்னும் தட்டுது.
வால்வ் கேப் பாக்கச் சொல்லு."

எவரிஸ்தோ என்னைப் பார்த்தார்.
சரிதான். மூன்றாவதுதான்.
"ஆறட்டும்" என்றேன்,
"சூட்டுல அளந்தா தப்பாக் காட்டும்."

போனைக் காதருகே கொண்டுபோய்
அவர் அதை அப்படியே சொன்னார்.