கிரியானில் ஒரு சம்பான்

கயிறறுந்த சந்தனசாமியின் சம்பான்
இரவு பண்டார் பாருவைக் கடந்ததாம்,
பார்த்தவர் உண்டு.
அது கெடா.

பாரிட் புந்தார்ப் படித்துறைக் கம்பத்தில்
மோதி நின்றதாம் கொஞ்ச நேரம்.
அது பேராக்.

நிபோங் தெபால் நிலையத்தில்
புகார் எழுதும் அஸ்லான் கேட்கிறார்:
"எந்த மாநிலத்தில் தொலைந்தது?"

வரைபடத்தில் எல்லை நடு ஆற்றில்.
நடு ஆறோ
போன வெள்ளத்தில் இடம் மாறி
யாரோ நட்ட செம்பனைக்குள் கிடக்கிறது.

சந்தனசாமி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.
பதினொன்றரைக்கு ஓதம் ஏறும்.
உப்புத்தண்ணீர் மேலே வரும்போது
கழிமுகத்துச் சேற்றிலிருந்து கிளம்பி
இறால் வாடையோடு
தானே வந்துவிடும்,
பேனாவை மூடுங்கள் என்றார்.

வந்தது, மூன்று மணி போல.
துடுப்பைக் காணோம்.
உள்ளே
யாருடையதோ
ஒரு இடதுகால் செருப்பு.