பாதிக் கார்

வீட்டில் எங்களுக்கு எட்டில் ஒரு பங்கு.
காரில் பாதி.
பினாங்குக்குக் கப்பலேறும் முன்
இவர் பேரேட்டில் எழுதிய ஒரே வரி:
பியட், சாம்பல் நிறம், அண்ணனுக்குப் பாதி, நமக்குப் பாதி.
எந்தப் பாதி என்று எழுதவில்லை.

ஒன்றும் இரண்டும் தம்பிக்கு,
மூன்றும் நாலும் எனக்கு,
ரிவர்ஸ் பொது என்பார் மூத்தார்.
சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.
கதவுக்குப் பின்னால் நானும்.

கியர் தரையில் இல்லை.
ஸ்டியரிங் கழுத்திலிருந்து இடப்பக்கம் நீட்டிய கம்பி,
நுனியில் பழுத்த பல்லின் நிறத்தில் ஒரு குமிழ்.
தன் பக்கம் இழுத்துத் தூக்கினால் ஒன்று,
அப்படியே இறக்கினால் இரண்டு,
தள்ளித் தூக்கினால் மூன்று.
யாரும் சொல்லித்தரவில்லை.
பின்சீட்டில் உட்கார்ந்து
டிரைவர் ஆரோக்கியத்தின் முழங்கையைப் பார்த்தேன்.
குன்றக்குடி போகவர, கோவிலூர் போகவர,
இரண்டு வருஷம்
அந்த முழங்கை ஏறும், இறங்கும்,
கார் தொண்டையை மாற்றிக்கொள்ளும்.

ஆரோக்கியம் லாரிக்குப் போன மறுநாள் மத்தியானம்
கானாடுகாத்தானே உண்டு படுத்த நேரத்தில்
கொட்டகையிலிருந்து காரை எடுத்தேன்.
ஊருணியை மூன்று சுற்று.
நாலாவது சுற்றில் கரையில் மூத்தார்.
நிறுத்தினேன். கை மட்டும் நிற்கவில்லை, நடுங்கியது.
முன்சீட்டு ஒரே பெஞ்சு.
அந்தக் கோடியில் ஏறி உட்கார்ந்து
நடுவில் குடையைக் கிடத்தினார்.
"காரைக்குடி பாங்கு வரைக்கும் போகலாம்"
என்று கண்ணாடியிடம் சொன்னார்.

அப்புறம் பதினோரு வருஷம்.

குமிழுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவே
இரண்டு நெடுங்கம்பிகள், தேய்ந்த மூட்டுகள்.
அவசரப்பட்டால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு
பங்காளிகள் மாதிரி விடாது.
இறங்கி, பானெட்டைத் தூக்கி,
கீழ்க்கம்பியில் ஒரு தட்டு.
எங்கே, எவ்வளவு என்பது
உள்ளங்கைக்குத் தெரியும்; எனக்குத் தெரியாது.
பட்டுப்புடவைக் கையில் கிரீஸோடு
எத்தனை கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன்.

விற்ற அன்று மூத்தார் வாசலுக்கு வரவில்லை.
தேவகோட்டை மருந்துக்கடை நைனா முகமதுக்கு
நானே கொண்டுபோனேன்.
பள்ளத்தூர் தாண்டி, ரயில்வே கேட் திறந்து,
கிளம்பினால்
இரண்டிலேயே மாட்டிக்கொண்டது.
எங்கள் பங்கில்.

இறங்கித் தட்டியிருக்கலாம்.
தட்டவில்லை.
கோட்டையூர், காரைக்குடி, தேவகோட்டை ரஸ்தா
முழுக்க இரண்டு,
என்ஜின் அரற்ற அரற்ற.
கீரைக்கட்டு வைத்த சைக்கிள்காரர் ஒருவர்
என்னை முந்திப்போய்
மரியாதையாகத் திரும்பிப் பார்த்தார்.

அவர் தெருமுனையில்தான் இறங்கித் தட்டினேன்.

கோளாறு ஏதும் உண்டா ஆச்சி என்றார் நைனா முகமது.
முள் நடுங்கும், இடதுகதவு மழைக்கு ஒழுகும்,
ஹாரன் நினைத்தால் அடிக்கும்.
ஒன்றுவிடாமல் சொன்னேன்.
அந்தத் தட்டைத் தவிர.

நாலாம் நாள் சைக்கிளில் ஒரு பையன்,
சட்டை முதுகெல்லாம் செம்மண்,
கையில் மருந்துச்சீட்டு:
"ஆச்சிக்கு சலாம். வண்டி செக்காலை ரோட்டில்
இரண்டில் நிற்கிறது. மெக்கானிக் இரண்டுபேர் வந்து போனார்கள்.
நீங்கள் என்ன செய்வீர்கள்?"

பையனுக்கு மோர் கொடுத்துவிட்டு
சீட்டின் பின்பக்கம் எழுதினேன்.
கீழ்க்கம்பி. மூட்டுக்கு நாலு விரல் மேலே. வெறுங்கையால்.
அடித்துவிட்டு இன்னொரு வரி:
கோபமாக இருந்தால் வேண்டாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
கொடுத்திருக்கவேண்டாமோ என்று.

போன மாசம் சிகப்பி புதுக்காரில் வந்தாள்.
தானே மாற்றிக்கொள்ளும், ஆத்தா, நீ ஓட்டிப் பார் என்றாள்.
பள்ளத்தூர் கேட் திறந்தது.
இடதுகை எழுந்தது, கம்பியைப் பிடித்தது, இறக்கியது.
உச்சிவெயில்.
காய்ந்த கண்ணாடியை வைப்பர்
கரகரவென்று துடைக்கத் தொடங்கியது.

"மழையா ஆத்தா?" என்றாள் அவள்.

இரண்டு போட்டேன் என்றேன்.
கொஞ்ச தூரம்
நிறுத்தாமலே போனேன்.