இரண்டாவது அம்பியர்மானி

எனக்கு மின்சாரம் தெரியும்.
டோர்ட்மண்டில் ஐந்து வருடம் அதைத்தான் படித்தேன்.
இப்போது மாதம் ஐந்நூற்றுத் தொண்ணூறு யூரோ கட்டி
சோலிங்கனில், பழைய கத்திப் பட்டறையின் மூன்றாம் மாடியில்,
ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் படிப்பது
தெரியாதவர்களுக்கு அது
எப்படித் தெரியாமல் இருக்கிறது என்பதை.

வீட்டில் இதற்குச் சொல் இல்லை.
"டீச்சருக்குப் படிக்கிறாள்" என்பா அம்மா, டெலிபோனில்.
மறுமுனையில் யாரோ கேட்பார்கள்:
"பிசிக்ஸ்தான் முந்தியே முடிச்சிட்டாளே,
இனி என்னத்தைப் படிக்க?"
அம்மா கொஞ்சம் பேசாமலிருப்பா.
பிறகு இங்கத்தை மழையைப் பற்றிச் சொல்லுவா.

ஹில்கே பிராண்ட்ஹோர்ஸ்ட், எங்கள் விரிவுரையாளர்,
முதல் நாளே ஒரு மின்கலமும் பல்பும் வரைந்தார்.
பல்புக்குள் போகும் அம்பு தடிப்பு.
வெளியே வருவது மயிரிழை.
"இதை வரையும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கும்.
முட்டாள் என்று நினைக்காதீர்கள்.
அதனிடம் இருப்பது வேறொரு இயற்பியல்.
அதைக் கேளுங்கள்."

நான் சிரிக்கவில்லை.
"இந்தப் பல்பு கரண்டைத் தின்னும்" என்று
அப்பா ஒவ்வொரு அறையாய் அணைத்துக்கொண்டு போன வீட்டில்
அந்த மயிரிழை அம்போடுதான் நானும் வளர்ந்தேன்.
எப்போது அதை விட்டேன் என்று ஞாபகமில்லை.
ஞாபகமில்லாததுதான் பிரச்சினை என்கிறது இந்தப் படிப்பு.

டிசம்பர் முதலாம் நாள். எட்டாம் வகுப்பு.
கடைசி வரிசையில் பிராண்ட்ஹோர்ஸ்ட், மடியில் நோட்டு.
சிவகடாட்சம் என்ற என் பெயரை
பிள்ளைகள் "ஃப்ராவ் சிவா" என்று பாதியில் வெட்டிவிடுவார்கள்.
ஊர் அப்படி.

டிலாரா கை உயர்த்தினாள்:
"பல்பு கொஞ்சம் தின்னும். மிச்சம்தான் திரும்பி வரும்."
இருபத்தாறு பேரில் பத்தொன்பது பேர் அவள் பக்கம்.
நல்லது. பாடத்திட்டத்தில் அப்படித்தான் எழுதியிருந்தேன்,
பதினோராவது நிமிடத்துக்கு நேரே.
பல்புக்கு முன்னால் ஒரு அம்பியர்மானி, பின்னால் ஒன்று.
இரண்டும் ஒன்றையே காட்டும்.
பிள்ளைகள் திகைப்பார்கள்.

முன்னது: 0.31.
பின்னது: 0.28.

வகுப்பு கைதட்டியது.
லெனார்ட் மேசையில் தாளம் போட்டான்.

இயற்பியல் என் பக்கம்; அளவீடு அவள் பக்கம்.
"பிழை" என்ற சொல் வாய்வரை வந்து
பல்லில் முட்டி நின்றது.
கேள்விக்குப் பின் மூன்று விநாடி பொறுக்கச் சொல்லித் தந்திருந்தார்கள்.
நான் அதிலும் கூடப் பொறுத்தேன்,
பொறுமையால் அல்ல.

எழுந்தது டிலாராதான்,
வெற்றியில் ஏதோ உறுத்தியவள்போல.
"அந்த ரெண்டாவதிலே பிளாஸ்டர் ஒட்டியிருக்கு.
இடம் மாத்தி வைச்சுப் பாப்பமா?"

முன்னது: 0.28.
பின்னது: 0.31.

இப்போது யாரும் கைதட்டவில்லை.
ரேடியேட்டர் மட்டும் டிக் டிக் என்றது.
"அப்ப," என்றான் லெனார்ட், மெல்ல,
"பல்பு கரண்டை உண்டாக்குதா?"

மணி அடித்தது.

பிராண்ட்ஹோர்ஸ்டின் குறிப்பு மூன்று பக்கம்.
கரும்பலகை எழுத்து சிறிது.
கருவிகளை முதல் நாளே சோதிக்க வேண்டும்:
இதற்கு இரண்டு அடிக்கோடு.
ஓரத்தில் பென்சிலால், நேர்மாறான கையெழுத்தில்:
எட்டு விநாடி. எண்ணினேன்.

மாலையில் பஸ் தரிப்பிடம்.
இந்த ஊர் பஸ்களுக்குத் தலையில் இரண்டு கொம்பு,
தெருவுக்கு மேலே இரண்டு கம்பி.
நான்கு வருடமாய் ஏறி இறங்குகிறேன்,
அண்ணாந்து பார்த்ததில்லை.
எதிர்ப்பக்கத்திலிருந்து டிலாரா கத்தினாள்:
"ஃப்ராவ் சிவா! ரெண்டு கம்பி!"
விரலால் காட்டினாள், போக ஒன்று, வர ஒன்று.
நான் வாயைத் திறக்குமுன்
அவளுடைய பஸ் வந்து அவளை மறைத்தது.

சட்டைப்பைக்குள் கைபேசி நடுங்கியது. வங்கி.
முதலாம் தேதியல்லவா.
ஐந்நூற்றுத் தொண்ணூறு,
போகிற கம்பியில்.

வியாழனுக்குள்
பிளாஸ்டர் ஒட்டாத மானி ஒன்று தேட வேண்டும்.
அல்லது
அதையே மறுபடி கொண்டுபோகலாம்.