மூடாத வட்டம்

கயிற்றின் நுனியில் ஒரு கிளிப்,
கிளிப்பில் கரண்ட் பில்.
எங்கள் தெருவில் ஆறாம் மாடி ஏற
யாருக்கும் முழங்கால் இல்லை.
கீழே மணியை ஆட்டுவார்கள், நான் இழுத்துக்கொள்வேன்.
சில நாள் பேப்பர், சில நாள் பையில் கட்டிய மொஹிங்கா,
மாதம் ஒருமுறை இது.

நூற்றெழுபத்தைந்து யூனிட்.

கரண்ட் வந்ததே முறைவைத்து,
நாளுக்கு நாலு மணி நேரம்,
அதிலும் பாதி நடுராத்திரிக்கு மேல்.
விளக்கு எரிந்ததும் எழுந்து
குக்கரில் அரிசி போட்டு, ரவிக்கை தேய்த்து,
போனைச் செருகிவிட்டுப் படுப்பேன்.
ஃபிரிட்ஜைச் சித்திரையிலேயே விற்றாயிற்று.
எதைத் தின்றது நூற்றெழுபத்தைந்து?

பாயின்நௌங் சந்தையில்
உளுந்து மண்டிக்குக் கணக்கு எழுதுகிறவள் நான்.
மூட்டைக்கு அரைக் கிலோ குறைந்தால் எனக்கு மூக்கு வியர்க்கும்.
டார்ச்சோடு இறங்கினேன்.

படிக்கட்டின் அடியில் பதினாறு மீட்டர்,
ஒட்டடை, வெற்றிலை எச்சில்.
மேல் வரிசையில் மூன்றாவது என்னுடையது.
என்னுடையது என்றால்
பெயர் வீட்டுக்காரி டோ மியா சீயுடையது,
பணம் என்னுடையது.

இன்றைக்கு ஓடியிருப்பது ஐயாயிரத்துப் பதின்மூன்று.
பில்லில், போன வாரமே, ஐயாயிரத்து நூற்றேழு.
வண்டி இன்னும் போய்ச் சேராத ஊருக்கு
டிக்கெட் கிழித்திருக்கிறார்கள்.

பக்கத்தில் ஆணியில் தொங்கியது அட்டை.
பென்சில் எழுத்து, பர்மிய எண்.
வட்டத்தை முழுக்க மூடினால் பூஜ்ஜியம்.
கொஞ்சம் வாய் திறந்திருந்தால் ஒன்று.
மழையோ, பசியோ, அடுத்த கட்டிடமோ,
மூடுவதற்குள் கையை எடுத்துவிட்டார் அந்த மனிதர்.
ஒரு நெல் அகலத் திறப்பு.
அதன் வழியாகத்தான் போயிற்று நூறு யூனிட்,
ஏறஏற விலை கூடும் நூறு.

ஆபீஸில் சொன்னார்கள்:
"பெயர்க்காரரைக் கூட்டி வா."
டோ மியா சீ சொன்னாள்:
"அடுத்த மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கணுமே, மா தன்டா.
இதுக்குப் போயா?"
பர்மியத்தில் பணிவாகப் பேசத் தெரியும் எனக்கு.
அன்றைக்கு ஏனோ அது வாயில் வரவில்லை.
வாய் திறந்திருந்தால் ஒன்று, மூடினால் பூஜ்ஜியம்
என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது உள்ளே.
மூன்றாம் நாள் குடை பிடித்துக்கொண்டு வந்தாள்.

சிவப்பு மையில் அடித்துத் திருத்தினாள் கவுன்ட்டர் பெண்.
எழுபத்தைந்து.
திருத்திவிட்டு என்னையே பார்த்தாள்.
"ஃபிரிட்ஜ் இல்லை, ஏசி இல்லை, ஒற்றை ஆள்.
எழுபத்தைந்தும் அதிகம்தான், அக்கா.
எல்லாத்தையும் அணைச்சிட்டுச் சக்கரத்தைப் பாருங்க."

டோ மியா சீ குடையை விரித்தாள்,
கூரைக்கு உள்ளேயே.

ராத்திரி இரண்டு மணி.
மெயினை இறக்கிவிட்டு வந்து நின்றேன்.
கரும்புள்ளி போட்ட சக்கரம்
எனக்காகக் காத்திருந்ததுபோல் சுற்றிற்று.
மேலே மொட்டை மாடியில்
தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தது மோட்டார்.
கட்டிடம் முழுக்கக் குளித்தது,
மூன்று வருஷமாக, என் கணக்கில்.

"நீயும்தானே குடிச்சே?" என்றாள்.
குடித்தேன்தான்.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் கூடினோம்.
எட்டால் வகுக்கலாம் என்றேன்.
தரைத்தளத்துக் காசிம் ராவுத்தர்
கோப்பையைச் சாஸரில் கவிழ்த்தார்.
"எனக்குக் குழாயிலேயே வருது.
ஏறுற தண்ணிக்கு ஏறாதவன் ஏன் குடுக்கணும்?"
யாரும் பேசவில்லை.
கணக்குப்பிள்ளையாக யோசித்தால் அவர் பக்கம்தான் நியாயம்.
எட்டை அடித்து ஏழு என்று எழுதினேன்.
பழைய மூன்று வருஷத்தைப் பற்றி
டோ மியா சீ இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

மணி அடிக்கிறது.
இழுக்கிறேன்.
நாற்பத்தொன்று.
ஒன்றுதானா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன்.
திறந்துதான் இருக்கிறது.

இரண்டு மணிக்கு மேலே உறுமத் தொடங்கும்.
ஏழில் ஒன்று என் சத்தம்.
எழுந்து போய் வாளியை வைப்பேன்.