பெயர் மட்டும் அச்சிட்ட இடம்

கையில் தூக்கிப் பார்த்து நம்பிவிடாதே.
கனமாயிருந்தால் நல்லது என்பது
பூசணிக்காய்க்குச் சரி.
போன மாதம் வெருலத்தில் ஒரு பவர் சப்ளை
ஒன்றே முக்கால் கிலோ இருந்தது.
திறந்தால் அடியில் ஒரு சிமெண்ட் கட்டி,
எந்தக் கம்பிக்கும் உறவில்லாமல்,
தராசுக்காக மட்டும் ஒட்டியது.

இன்று டொங்காட். பஸ் நிலையத்துக்குப் பின்னால்
மர்லின் வேலாயுதத்தின் நகல் கடை.
பதினோரு கணினி, பத்து செத்துவிட்டன.
ஆறாம் நிலை மின்வெட்டு முடிந்து
ராத்திரி எட்டுக்குக் கரண்ட் திரும்பியபோது,
"திரும்பவில்லை, குதித்தது" என்கிறாள்.
வரிசையாகப் பட் பட்டென்று.
வேலைக்கு விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்த பையன்
நாற்காலியோடு மல்லாந்தானாம்.

நான் காப்பீட்டுக் கம்பெனி அனுப்பிய ஆள்.
பையில் திருப்புளி, குறடு,
நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்று.
பல்பு வெளிச்சத்துக்கு அல்ல.
பிளக்கைப் பிடுங்கி நெடுநேரம் ஆனாலும்
பெரிய கெபாசிட்டர் சில சமயம்
முந்நூறு வோல்ட்டை விடாமல் வைத்திருக்கும்.
பல்பில் கொட்டிவிட்டுத்தான் விரல் வைப்பேன்.

முதல் பெட்டி. நான்கு திருகு.
ஒன்றின் மேல் வெள்ளைச் சீட்டு:
கிழித்தால் உத்தரவாதம் இல்லை.
கிழித்தேன்.
கெட்ட மீன் வாசனை.
வெளியே அறுநூறு வாட் என்று ஒட்டியிருந்தான்.
இந்த மெலிந்த தகட்டுக்கு,
தீப்பெட்டியளவுகூட வராத இந்த டிரான்ஸ்பார்மருக்கு,
இருநூற்றைம்பது என்று சொல்லவே எனக்குக் கூசும்.
கெபாசிட்டர் உறையை நகத்தால் கீறினால்
உள்ளே இன்னொன்று, சின்னது,
அண்ணன் சட்டை மாட்டிய தம்பி.
பலகையின் அடிப்பக்கம் கழுவாத பிசின்,
முள் முள்ளாய் ஈயம்.

இதெல்லாம்கூடப் போகட்டும்.
சுவரிலிருந்து மின்சாரம் நுழைகிற மூலையைப் பார்.
வெள்ளை மையில் சுருளுக்கு ஒரு வட்டம்,
அடியைத் தாங்கும் வில்லைக்கு ஒரு வட்டம்,
இரண்டிரண்டு துளை, பக்கத்தில் பெயர்.
சுருளுக்குப் பதில் வளைத்த கம்பித்துண்டு.
வில்லைக்குப் பதில் ஒன்றுமே இல்லை.
வரைந்தவனுக்குத் தெரியும்.
தெரியாதவன் வட்டம் போடமாட்டான்.
பந்தியில் இலை போட்டு, பெயரும் எழுதி,
ஆளை அழைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

பத்திலும் அதே.
ஐந்தாவதுக்குப் பிறகு மூடியைத் தூக்குவேன்,
அந்த மூலையை மட்டும் பார்ப்பேன், மூடுவேன்.

ஒப்பிட்டுப் பார்க்க, பிழைத்ததைக் கேட்டேன்.
"அது க்ளெய்மில் இல்லையே" என்றாள்.
பிறகு தானே கொண்டுவந்து வைத்தாள்.
சீட்டு ஏற்கெனவே கிழிந்திருந்தது.

உள்ளே, அந்த மூலையில்,
சட்டைப் பொத்தான் அளவு நீல வில்லை,
கால்களுக்கு உறை போட்டு.
பக்கத்தில் வேறு ஏதோ சாதனத்தின் செப்புச் சுருள்,
ஆடாமலிருக்க வெள்ளைப் பசை.
திருப்பினேன்.
ஒவ்வொரு காலையும் சுற்றி ஈயம்
வழவழவென்று சரிந்து நின்றது.

"பழைய பிரிண்டரிலிருந்து எடுத்தது.
ஒரு பிரிண்டர்தானே செத்திருந்தது."

படிவத்தில் காரணத்துக்கு ஒரே கட்டம்:
பொருளின் குறை, அல்லது மின் அதிர்ச்சி.
குறை என்றால் காசு இல்லை.
தெரிந்த குறை என்றால்
கடிதம்கூட இரண்டு வரிதான் வரும்.

மின் அதிர்ச்சி என்று எழுதினேன்.
கீழே: பத்துப் பெட்டியிலும்
சீட்டு கிழியாமல் இருந்தது,
என் கையால்தான் திறந்தேன்.
ஒவ்வொரு சொல்லும் பத்துக்கும் உண்மை.
பதினொன்றுக்குப் படிவத்தில் வரி இல்லை.

மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது கேட்டாள்,
"என் ஈயம் எப்படி?"
"தேறும்" என்றேன்.
இந்த வேலையில் இருபது வருஷமாக
கம்பெனிகளுக்கே நான் அதிகம் சொல்லாத சொல்.

"அந்த வில்லை கடையில் என்ன விலை?"

ரசீதின் பின்பக்கம்
டர்பனில் ஒரு கடையின் பெயரை எழுதி,
அதன் பக்கத்தில் எழுதினேன்:
ஒன்று நாலு ரேண்ட்.